ஒருவரும் மறுக்காத கூட்டம்

கரைக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டதற்கு என் கையெழுத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. மீன்பிடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போது கரைத்தீவுப் பக்கம் எங்கள் குடியிருப்புப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் தலைவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "டீச்சர், ரெண்டு ஊரும் சேந்து ஒரு குழு போடுறம். கதைக்கிறத எழுத ஆள் வேணும். நீங்க எழுதினாத்தான் பொறகு எங்களுக்கு வாசிக்க ஏலும்," என்றார்.

பிணக்கு ஒரு துண்டுக் கரையைப் பற்றியது. கரைவலை இழுக்கத் தோதான கரை அது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இயக்கத்தால் துரத்தப்பட்டு வந்த எங்கள் ஆட்கள் இருபது வருசத்துக்கு மேலாக அங்கே வலை வளைத்தார்கள். எங்களுக்கு வடக்கே, வன்னியிலிருந்து போருக்குத் தப்பி வந்த தமிழ்ச் சனங்கள் ஒரு சின்ன ஊராகக் குடியேறியிருந்தார்கள். அவர்களும் அதே கரைக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் ஏச்சு. பிறகு ஒருநாள் எங்கள் ஆள் ஒருவர் கரையில் வலை வைக்கிற வாடி எரிந்தது. எரித்தது யாரென்று இன்றுவரைக்கும் தெரியாது. அடுத்த கிழமை எங்கள் பக்கத்து மனிதர் ஒருவருக்குத் துடுப்படியில் மண்டை உடைந்தது. அதற்குப் பிறகுதான் ரெண்டு பக்கத்துப் பெரியவர்களும் பயந்துபோய்க் குழு என்று ஒன்றைப் போட்டார்கள்.

அந்த ஊருக்காகப் பேச வந்தவர் அவர்களுடைய பிரதேச சபை மெம்பர். அவர் இயக்கத்தில் இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். சும்மா ஆளும் இல்லை, கடைசிக் காலத்தில் வன்னியில் ஒரு பகுதிக்கே பொறுப்பாக இருந்தவர். சண்டை முடிந்து தடுப்பு முகாமில் சில வருசம் இருந்துவிட்டு, உடப்பில் பெண் எடுத்து, இந்தப் பக்கம் வந்து குடியேறி, தேர்தலில் நின்று வென்றிருந்தார்.

"எங்களத் துரத்தினவனோட இருந்து சமாதானம் கதைக்கப் போறியா?" என்று என் கணவர் கேட்டார்.

"நான் கதைக்கப் போகல்ல. எழுதப் போறன்," என்றேன்.

முதல் கூட்டம் மதரசா மண்டபத்தில், பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். கதிரை இழுக்கிற சத்தமும் இருமலும் முணுமுணுப்புமாக இருந்தது. நான் திகதி எழுதிக்கொண்டிருந்தபோது மண்டபத்தின் ஒரு பாதி மட்டும் அமைதியாகிவிட்டதை உணர்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். தமிழ்ப் பக்கத்தார் எல்லோரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் சுருட்டிக்கொண்டிருந்த வெற்றிலையை அப்படியே கையில் வைத்திருந்தார். வாசலில் யாரும் இல்லை. வண்டிச் சத்தமும் இல்லை. எங்கள் பக்கம் இன்னும் கதைத்துக்கொண்டுதான் இருந்தது.

அரை நிமிடம் கழித்து மெம்பர் வாசலில் வந்து நின்றார். நடந்து வந்திருந்தார். வருகிறார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

மெலிந்த ஆள். வெள்ளைச் சேர்ட், காதோரம் நரை. சுவரோடு கிடந்த கதிரையில் போய் இருந்தார். அவர் பேசினால் குனிந்துதான் கேட்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். எங்கள் பக்கத்து வலைக்காரர் ஒருவர் அரை மணித்தியாலமாக முறைப்பாட்டை அள்ளிக் கொட்டினார். மெம்பர் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் சொன்னார்:

"கரையை ரெண்டாப் பிரிப்பம். தெற்குப் பக்கம் நீங்கள், வடக்குப் பக்கம் நாங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் ஜும்மாவுக்குப் போயிடுவியள், அண்டைக்கு முழுக் கரையும் எங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுக் கரையும் உங்களுக்கு. வாடி எரிஞ்ச ஆளுக்கு எங்கட பெடியள் வந்து புதுசாக் கட்டித் தருவினம்."

பிறகு தன் பக்கத்து ஆட்களைப் பார்த்தார். "ஆருக்கும் வேற கதை இருக்கோ?"

ஒருவருக்கும் இருக்கவில்லை. மூன்று வருசச் சண்டை, ஊற்றி வைத்த பிளேன்டித் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மனுசன் கெட்டிக்காரன்," என்று தலைவர் என் காதருகே சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துக்காகக் கொப்பியை மெம்பரிடம் நீட்டினேன்.

அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. நான் எழுதியதை வாசித்துக்கொண்டு போனவருடைய விரல் 'வெள்ளிக்கிழமை' என்ற சொல்லில் நின்றது. என் 'ழ' கொஞ்சம் வேறு மாதிரி. அதன் வாலை அடுத்த எழுத்துக்குக் கீழால் தூண்டில் முள் மாதிரி இழுத்துவிடுவேன். சின்ன வயதில் அதற்காக அடி வாங்கியும் மாறவில்லை. அவருடைய விரல் அந்த வாலின்மேல் மெதுவாகப் போய் வந்தது.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான்."

"மன்னாரில எந்த இடம்?"

ஊரைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, பேனையை மூடித் தந்துவிட்டுப் போனார். ஆனால் போகுமுன் என் முகத்தைப் பார்த்த பார்வை என்னை அன்று முழுக்கத் தொந்தரவு செய்தது. அறியாத ஆளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. செத்துப்போனதாக நினைத்த ஆளைச் சந்தையில் கண்டால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

இரண்டு கிழமை கழித்து ஒருநாள் இடைவேளை நேரம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூட்டக் குறிப்பின் பிரதி ஒன்று வேண்டும் என்றார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். வேலிக்கு அப்பால் ரோட்டில் இரண்டு கழுதைகள் அசையாமல் வெயிலில் நின்றன. களப்புத் தண்ணிக்கு அப்பால் கற்பிட்டிப் பக்கம் காற்றாலைகள் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"டீச்சர், உங்கட வீட்டு முன்கதவு. ஒருக்கா மேல தூக்கினாத்தான் திறபடும், என்ன?"

எங்கள் குடியிருப்பு வீட்டுக்குத் தகரக் கதவு. அது தட்டினாலே திறக்கும். என்ன சொல்கிறார் என்று விளங்காமல் நின்றேன். பிறகு என் கை தானாக ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி அசைந்ததை நானே பார்த்தேன். மன்னார் வீட்டுக் கதவு. பதின்மூன்று வயதுவரை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் தூக்கித் திறந்த கதவு. அதைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்குக்கூட.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வீட்டில நான் ரெண்டு வருசம் இருந்தனான்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. நாங்கள் வெளியேற்றப்பட்ட அன்று பின்னேரம் நாலு பேரை அந்த வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே போனபோது அடுப்பில் சாம்பல் சூடாக இருந்ததாம். வாசலில் சின்னச் செருப்பு ஒரு சோடி. கொடியில் ஈர உடுப்பு.

"உள் அறையில ஒருத்தனும் படுக்கமாட்டான். அங்க ஆக்கள் இருக்கிற மாதிரியே இருக்கும். அலுமாரியைத் திறந்தா ஆரோ பின்னால நிண்டு பாக்கிற மாதிரி. எங்களில ஒருத்தன், வீட்டுக்காரர் இன்னும் போகேல்லை எண்டு சொல்லுவான். நாங்கள் சிரிப்பம். ஆனா வெளிவிறாந்தையில்தான் படுப்பம்."

அந்த நேரம் நாங்கள் கற்பிட்டியில் படகால் இறங்கி, ஓலைக் கொட்டிலில் ஒரு பாயில் ஏழு பேர் படுத்துக் கிடந்தோம். உயிரோடுதான் இருந்தோம். ஆனால் அங்கே எங்கள் வீட்டில் ஆயுதம் வைத்திருந்த நாலு பெடியன்கள் எங்களுக்குப் பயந்து விறாந்தையில் படுத்திருக்கிறார்கள்.

"வாசிக்க ஒண்டும் இல்லை," என்றார். "உங்கட கொப்பியள்தான் கிடந்தது. திருப்பித் திருப்பி வாசிச்சிருக்கிறன். அந்த ழானாவை எங்க கண்டாலும் எனக்குத் தெரியும்."

பிறகு, தரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு வசனத்தைச் சொன்னார். "நான் ஒரு கிணறு. என்னை எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லோரும் தங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்."

ஏழாம் ஆண்டில் நான் எழுதிய கட்டுரை. எனக்கே மறந்துபோயிருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு ஆண்குரலில் என் சின்ன வயது வசனம் பள்ளிக்கூட முற்றத்தில் கேட்டபோது, என்னிடமிருந்து எதையோ எடுத்துப்போய் இவ்வளவு காலமும் பாவித்தவரைக் கண்ட மாதிரிக் கோபம் வந்தது. அதைவிடப் பயமும் வந்தது.

"கொப்பிகள் எங்க?"

"வன்னிவரைக்கும் கொண்டுபோனன். கடைசியில எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே ஓடினம்."

வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர், "அந்த மனுசன ஒருக்கா இங்க வரச் சொல்லு. ஒண்டு கேக்கணும்," என்றார்.

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். படலைக்கு வெளியே நின்றார். உம்மா, "உள்ள வாங்க," என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.

உம்மா கேட்ட முதல் கேள்வி: "பானையில சோறு இருந்திச்சு. அத என்ன செஞ்சீங்க?"

"சாப்பிட்டம், அம்மா."

"கறி?"

"மீன் கறி. புளி கூட."

உம்மா தலையை ஆட்டினார். "அண்டைக்கு ஊர விட்டுப் போகணும் எண்டு லவுட்ஸ்பீக்கர்ல சொல்லிக்கிட்டுப் போனாங்க. எனக்குக் கை நடுங்கிச்சு. புளிய ரெண்டு தரம் கரச்சு ஊத்திட்டன். எடுத்துக் கொட்டவும் நேரமில்ல. சோறு அப்படியே புளிச்சுப் புழுத்துக் கெடந்திருக்கும் எண்டு எத்தன வருசம் நெனச்சிருக்கன்."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். அவர் குடித்துவிட்டுப் போனார். போன பிறகு உம்மா அந்தக் கிளாசைக் கழுவி, அலுமாரியின் மேல்தட்டில் தனியாக வைத்தார். "அதுல ஒருத்தரும் குடிக்க வேணாம்," என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வெறுப்பா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

எங்கள் பக்கம் மெம்பருக்கு நல்ல பெயர் வளர்ந்தது. வாடி கட்டி முடிந்தது. சண்டை இல்லை. இரண்டாம் கூட்டத்தில் தலைவர் எழும்பி, இப்படியான ஆட்கள் நாலு பேர் இருந்தால் நாட்டில் பிரச்சினையே இருக்காது என்று பேசினார். எங்கள் பக்கம் கை தட்டியது. மற்றப் பக்கமும் தட்டியது. ஆனால் அவர்கள் மெம்பரைப் பார்த்துவிட்டுத்தான் தட்டத் தொடங்கினார்கள், கும்பிடத் தூக்கிய கையை அவர் இறக்கியதும் நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் நின்ற அந்தக் கைதட்டல் என் காதில் கிடந்தது.

அன்று கூட்டம் முடிந்து மதரசாக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்தத் தமிழ் ஊரிலிருந்து வந்த ஒரே பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கருவாடு போடுகிற பெண்களுக்காகக் குழுவில் இருந்தவர். இரண்டு கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"டீச்சர், நீங்கள் எழுதினதில ஏகமனதாக எண்டு கிடக்குதாம். அப்பிடியெண்டா எல்லாரும் சம்மதம் எண்டுதானே?"

"ஓம்."

"வடக்குப் பக்கம் முழுக்கக் கல்லு. எங்கட வலை கிழிஞ்சு நாறுது. நல்ல கரை முழுக்க உங்கட ஆக்களுக்குப் போயிட்டுது."

"பொறகு ஏன் கூட்டத்தில சொல்லல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். சின்னப்பிள்ளையைப் பார்ப்பது போல. "அவர் சொல்லிப்போட்டார். அதுக்குப் பிறகு நாங்கள் என்னத்தைச் சொல்லிறது? உங்களுக்கு அவரை இப்பத்தான் தெரியும், பிள்ளை. எங்களுக்கு வன்னியில இருந்து தெரியும்."

குழாயை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "என்ர மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். பதினாறு வயது. படலையில நிண்டு, 'நாங்கள் பாத்துக்கொள்ளுவம் அம்மா' எண்டு சொன்னவர். இப்ப எங்கட வீட்டில இருந்து மூண்டாவது ஒழுங்கையில இருக்கிறார். என்னட்டைத்தான் கருவாடு வாங்கிறவர். ஒருநாளும் அவனைப் பற்றிக் கதைச்சதில்லை."

"நீங்க கேக்கல்லையா?"

"கேட்டு, இல்லை எண்டு சொல்லிப்போட்டா?" என்றார். "அவருக்குத்தான் வோட்டும் போட்டனான். போடாட்டி, கோவிச்சுக்கொண்டு ஒருநாளும் சொல்லாம விட்டிடுவாரோ எண்டு பயம்."

அந்தக் கிழமை முழுதும் நான் பாடம் நடத்தியது எனக்கே நினைவில்லை. எங்களிடமிருந்து பறித்ததற்கு அந்த மனிதர் எங்களுக்கு ஈடு செய்திருக்கிறார். நல்ல மனதோடுதான் செய்திருப்பார். ஆனால் தனக்குச் சொந்தமில்லாத கரையை எடுத்துத் தந்திருக்கிறார், மறுக்கப் பயந்த சனத்தின் கையிலிருந்து. நானோ அதை அழகான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் கூட்டத்துக்கு முன் அவரை மண்டபத்து வாசலில் மறித்தேன்.

"மெம்பர், நீங்க இருக்கிற எடத்தில உங்கட சனம் வாய் திறக்காது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"துவக்கத்தில சந்தோசமா இருந்தது, டீச்சர்," என்றார், அந்த மெல்லிய குரலில். "நான் சொன்னா நடக்குது. சண்டை நிக்குது. இனி நல்லதுக்குத்தானே சொல்லுறன், கேக்கட்டுமே எண்டு நினைச்சன்."

"நாங்களும் அப்படித்தான் ஒருநாள் கேட்டோம். லவுட்ஸ்பீக்கர்ல சொன்னாங்க. ஒருத்தரும் மறுக்கல்ல. எழும்பி வந்திட்டோம்."

அதைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வரவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் என்னைத் தாண்டி, உள்ளே இருந்த ஆட்களைப் பார்த்தார். அவர்கள் ஏற்கனவே அமைதியாகிவிட்டிருந்தார்கள். வெளியே நாங்கள் கதைப்பது கேட்டிருக்க நியாயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முகமும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்.

அவர் வாசற்படியில் நின்றே பேசினார். "முதல் கூட்டத்தில எழுதினது செல்லாது. அது நான் சொன்னது, நீங்கள் சொன்னதில்லை. இண்டைக்கு நான் உள்ளுக்கு வரேல்லை. நீங்கள் கதைச்சு முடிவெடுங்கோ. என்ன முடிவெண்டாலும் நான் ஒருத்தரையும் ஒண்டும் கேக்கமாட்டன்."

திரும்பி நடந்து, களப்புக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் போய் இருந்தார்.

முதல் கால் மணித்தியாலம் ஒருவரும் பேசவில்லை. யன்னலால் அவருடைய முதுகு தெரிந்தது. தமிழ்ப் பக்கத்தார் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இல்லாத மண்டபத்தில் அவர் இருந்தார். எனக்கு எங்கள் மன்னார் வீட்டு உள் அறை நினைவுக்கு வந்தது. தலைவர் பொறுக்க முடியாமல் எழும்பி யன்னலைச் சாத்தினார். உடனே மண்டபம் இருண்டது. அந்த இருட்டில்தான் யாரோ ஒருவர், "வடக்குக் கரையில வலை வளைக்க ஏலாது," என்றார். யாரென்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அடைத்திருந்தது திறந்துகொண்டது. கத்தினார்கள். எங்கள் ஆட்களும் கத்தினார்கள். வாடி எரித்தது யார், மண்டை உடைத்தது யார், யார் முதலில் வந்தது, யார் யாரை அகதி என்று சொன்னது எல்லாம் வந்தது. ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தார். நான் எழுதுவதை விட்டுவிட்டேன். என்னால் தொடர முடியவில்லை. ஆனால் மனதுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. பயந்த ஆட்கள் இப்படிக் கத்தமாட்டார்கள்.

இதற்கிடையில் அந்தப் பெண் எழும்பி என்னிடம் வந்தார். "ஒருக்கா என்னோட வாங்கோ, டீச்சர். தனியப் போகப் பயமாக் கிடக்கு."

நாங்கள் கரைக்குப் போனோம். காற்று அறவே இல்லை. களப்புத் தண்ணி எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. மெம்பர் எங்களைக் கண்டு எழும்பி நின்றார். அந்தப் பெண் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டார்.

"என்ர மூத்தவன் எங்க?"

அவர் உடனே பதில் சொன்னார். அதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. யோசிக்கவேயில்லை. பல வருசமாக வாயில் வைத்திருந்த பதில்.

"இல்லை, அம்மா. கூட்டிக்கொண்டுபோய் பத்தொன்பதாம் நாள். வாய்க்கால் கரையில செல் விழுந்து வெடிச்சது. நான்தான் குழி வெட்டித் தாட்டனான்."

அந்தப் பெண் அழவில்லை. தண்ணியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வெளிச்சம் இருந்ததோ?"

"ஓம், அம்மா. காலமை. வெயில் ஏறேல்லை."

"தனியவோ தாட்டனி?"

"தனிய."

"இடம் தெரியுமோ உனக்கு?"

"தெரியும்."

அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் அவரை 'நீ' என்று சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். அந்தப் பெண் அவருக்கு இன்னும் கிட்டப் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தன் முகத்தை அவர் முகத்துக்கு மிகக் கிட்டத்தில் வைத்து, கண் மருத்துவர் பார்ப்பது போலப் பார்த்தார். "இவ்வளவு காலமும் என்னட்டைக் கருவாடு வாங்கித் திண்டிருக்கிறாய்," என்றார். பிறகு திரும்பி மண்டபத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மண்டபத்தில் நேராக நடுவுக்குப் போய் நின்று, இரண்டு பக்கமும் வாய் மூடும்படி சத்தமாகச் சொன்னார்: "கல்லுக் கரை எங்களுக்கு வேண்டாம். பங்கு பிரிக்கிறதெண்டா ஒரு நாள் நாங்கள், ஒரு நாள் நீங்கள். கரை முழுக்க. வெள்ளிக்கிழமை ஒருத்தரும் இறங்கத் தேவையில்லை, அண்டைக்கு நாங்கள் கருவாடு காயவைப்பம். எழுதுங்கோ டீச்சர்."

அதையும் முழுதாக ஏற்கவில்லை. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி, தொழுதுவிட்டு வந்து, திரும்பவும் பேசி, கடைசியில் அடுத்த காற்றுக் காலம்வரைக்கும் மட்டும் என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போடாமலே போனார்கள். அவர்களுடைய பக்கத்தில் ஒருவர். நான் 'பெரும்பான்மையினர் சம்மதத்துடன்' என்று எழுதினேன். வெளியே வந்தபோது வள்ளத்தின் மேல் யாரும் இல்லை.

அந்த ஒழுங்கு ஓட்டையும் ஒடிசலுமாக இன்றுவரைக்கும் நிற்கிறது. வருசத்துக்கு இரண்டு தரம் சண்டை வரும், கூடிக் கத்துவார்கள், திருத்துவார்கள்.

மெம்பருக்கு நடந்தது வேறு. அந்தப் பெண் தன் மகனுக்கு வீட்டில் விளக்கு வைத்தார். ஊர் முழுக்கக் கதை பரவியது. அடுத்த கிழமையிலிருந்து காலையில் அவர் படலையைத் திறந்தால் வெளியே பெண்கள் நிற்பார்களாம். ஒன்றும் கேட்கமாட்டார்கள். காணாமல்போன பிள்ளைகளின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு முறை நானே கண்டேன். கூட்டக் கடிதம் கொடுக்கப் போயிருந்தேன். ஐந்தாறு பேர், வேலியோடு வரிசையாக, ஒரு சத்தமும் இல்லை. சிலாபத்துப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் படத்தை வாங்கிப் பார்த்து, தெரிந்தால் தெரிந்ததைச் சொன்னார். தெரியாது என்றபோது அவர்கள் நம்பவில்லை. போகவும் இல்லை. மறுநாளும் வந்தார்கள். அவருடைய மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடப்புக்குப் போய்விட்டார்.

தள்ளித் தள்ளிப்போன தேர்தல் கடைசியில் வந்தபோது அவர் தோற்றார். அந்த ஊரில் அவருக்குப் பயந்து போட்ட வோட்டு அவ்வளவும் இல்லாமல் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சிலர் போட்டார்கள். நானும் போட்டேன். என் கணவருக்கு இன்னும் சொல்லவில்லை.

துவக்குத் தூக்கியவர்கள் சமாதானத்துக்குத் தலைமை தாங்கலாமா என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒருநாள் விவாதம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்குத் தெரியும் என்று நினைத்து. அவர் பேசியபோது நடந்ததைவிட, அவர் வெளியே போய் இருந்த அன்று நடந்தது பெரியது என்று மட்டும் சொன்னேன். அப்படியென்றால் அவர் தலைவரா இல்லையா என்று கேட்டார்கள். மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன்.

போன வருசம் மதுரங்குளிச் சந்தியில் அவரைக் கண்டேன். என் நாத்தனார் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில், கொழும்பு பஸ்ஸுக்கு நின்றார். முழுக்க நரைத்துவிட்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண், மார்போடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு. ரோட்டைக் கடந்து போய், எங்கே என்று கேட்டேன்.

"கொழும்பில, காணாமல் போனவையின்ர கந்தோருக்கு," என்றார் அந்தப் பெண். "தாட்ட இடத்தை எழுதிக் கையெழுத்து வைக்கப் போறார். என்ர பிள்ளையின்ர மட்டும் இல்லை. பதினொரு பேரின்ர."

"அதுக்குப் பிறகு உங்களை என்ன செய்வாங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"தெரியாது, டீச்சர்."

"நீங்க ஏன் கூடப் போறீங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அவர் தனியப் போகலாமே."

அவர் குரலைத் தாழ்த்தவேயில்லை. பக்கத்தில் நின்றவருக்கு நன்றாகக் கேட்கும்படியே சொன்னார். "போன கிழமையும் வெளிக்கிட்டவர். சிலாபத்தில இறங்கித் திரும்பி வந்திட்டார்."

பஸ் வந்தது. முதலில் அவரை ஏறவிட்டு, யன்னலோரச் சீட்டில் இருத்தி, வெளியே போகிற பக்கத்தில் அந்தப் பெண் கால்களை ஊன்றி இருந்துகொண்டார்.